நாலாம் நம்பர் மெஷின்

இந்த மாதம் சான்றிதழ் பரீட்சை எழுதப்போகும் எட்டுப் பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஆபீசில் கேட்டார்கள். பாடத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அது புத்தகத்தில் என்னைவிட நன்றாகவே இருக்கிறது. நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் நீங்கள் கழற்றி மாட்டும் சாமான்களில் பாதிக்கு எனக்குப் பெயர் தெரியாமல் போய்விட்டது. ஆனால் அந்தப் பரீட்சையில் தோற்பதைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். பதில் தெரியாமல் தோற்றவர்கள் உண்டு, நேரம் போதாமல் தோற்றவர்கள் உண்டு. கம்ப்யூட்டர் ரிப்பேர் பரீட்சை எழுதும்போது கம்ப்யூட்டரை ரிப்பேர் செய்ததற்காக வெளியே அனுப்பப்பட்டவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. பொம்மனஹள்ளியில் நம் கம்பெனி மாடியில் இரண்டே அறைகளில் இருந்தது. நான் படித்துத் தொழிலுக்கு வந்தவன் இல்லை. ஒரு கடையில் பெட்டி தூக்கப் போய், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்து, பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவன். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களை ஒன்பது வருஷமாக நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த மாடியில் எந்த மெஷின் மழைக்காலத்தில் மக்கர் பண்ணும், எந்த நர்ஸ் கீபோர்டில் காபி கொட்டுவார் என்பது வரை எனக்கு அத்துப்படி. காலையில் உள்ளே நுழைந்தால் செக்யூரிட்டியிலிருந்து டாக்டர் வரை வணக்கம் சொல்லுவார்கள். அந்த வணக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதை மறைப்பானேன்.

அங்கே புது மேனேஜர் வந்தார், புது விதியும் வந்தது. ஆஸ்பத்திரிக்குள் கம்ப்யூட்டரைத் தொடுகிற ஆளிடம் ஆரம்பநிலை டெக்னீசியன் சான்றிதழாவது இருக்க வேண்டும். அடுத்த மாதக் கடைசி வரைதான் கெடு. ஓனர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் உட்காரச் சொன்னால் நல்ல சேதி இருக்காது. கன்னடம் கலந்த தமிழில் ஆரம்பித்தார்.

"நோடு முனி, பாரு, இருவது வருஷமா உன் கைய நம்பித்தான் கம்பெனி ஓடுது. ஆனா அவுங்க சர்ட்டிஃபிகேட் எல்லி, எங்கன்னு கேக்கறாங்க. நான் இன்னா காட்டட்டும்? உன் கைய வெட்டி ஃப்ரேம் போட்டு மாட்டவா?"

"நான் எழுதறேன் சார்."

"எழுதிப் பாஸானா ஆஸ்பத்திரி உனக்கு. இல்லன்னா பீன்யா பக்கம் நம்ம வேல பாக்கற அந்தப் பொண்ணு ஆஷாவத்தான் போடணும். நீ இங்கயே ஸ்டோர்ல இருந்துக்கோ."

ஸ்டோர் என்பது பழைய கீபோர்டுகளும் எலிப்புழுக்கையும் இருந்த மூன்றாவது அறை. அதை அறைக் கணக்கிலேயே நாங்கள் சேர்ப்பதில்லை.

அன்றிலிருந்து நீலசந்திராவில் பஸ் ஏறியதும் புத்தகத்தைத் திறப்பேன். இங்கிலீஷ் புத்தகம், செங்கல் கனம். எல்லாம் தெரிந்த விஷயம், ஆனால் எனக்குத் தெரிந்த பெயரில் ஒன்றும் இல்லை. சாயங்காலம் வீட்டில் என் மனைவி செல்வி கேள்வி கேட்பாள். அவள் கார்மெண்ட்ஸில் செக்கிங் செக்ஷனில் இருந்தாள். சட்டையைக் கையில் எடுத்தாலே எங்கே தையல் விட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். கம்ப்யூட்டர் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. கேள்வியை எழுத்துக்கூட்டிப் படித்து, பின்பக்கம் திருப்பி விடையைப் பார்ப்பாள். பத்து நாளில் என் தையல் எங்கே விட்டிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாள்.

"இன்னாங்க இது, 'முதல்ல என்ன செய்வாய்'னு வர்ற கேள்விலாம் வரிசையா தப்பாவுது. மத்ததுல்லாம் சரியாத்தான் சொல்றீங்க."

"நான் மொதல்ல அதான் செய்வேன்."

"நீங்க செய்வீங்க. புக்குல மொதல்ல மெஷின யூஸ் பண்ற ஆளக் கேக்கணும்னு போட்டிருக்கு. எல்லாத்துக்கும் அதான் பதில்."

"ஆளக் கேட்டா இன்னா தெரியும்? 'சார், வொர்க் ஆவல'ம்பாங்க. அத்தக் கேக்கவா அவ்ளோ தூரம் போறேன்?"

செல்வி அந்தக் கேள்விகளுக்கெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டுவைத்தாள். சட்டையில் குறை இருந்தால் சாக்பீஸால் வட்டம் போடுகிற பழக்கம் அது.

பரீட்சைக்கு இரண்டு தாள். முதல் தாளில் தப்பித்தேன். மார்க்கைக் கேட்காதீர்கள். இரண்டாம் தாளுக்கு மூன்று வாரம் கழித்துப் போனேன். சென்டரில் பை, போன், வாட்ச், பர்ஸ் எல்லாவற்றையும் வாங்கி லாக்கரில் பூட்டிச் சாவியையும் வைத்துக்கொண்டார்கள். கண்காணிப்புக்கு ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கலாம். விதிகளைக் கிளிப்பிள்ளை போல ஒப்பித்தாள். எது நடந்தாலும் இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது, கையை மட்டும் உயர்த்த வேண்டும், நான் வருவேன் என்றாள். நான் தலையை ஆட்டினேன். எனக்குக் கொடுத்தது நாலாம் நம்பர் மெஷின்.

நன்றாகத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஐம்பத்தெட்டாவது கேள்வியில் திரை கறுத்துப்போனது.

இப்போது யோசித்துப் பாருங்கள். எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. மானிட்டரின் விளக்கு ஆரஞ்சில் இருக்கிறது. கீழே பெட்டிக்குள் ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்கிறது. மெஷினுக்கு ஒன்றுமில்லை, படம் வரும் கேபிள்தான் நழுவியிருக்கிறது. இதெல்லாம் நான் யோசித்து வரவில்லை, அதுவாகவே வந்தது. கறுத்த திரைக்குப் பின்னால் பரீட்சைக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு மட்டும் இருந்தது. அடுத்த நொடி நான் மேசைக்கு அடியில் இருந்தேன். கேபிளைத் தடவிப் பார்த்தால், பிடித்து நிறுத்தும் இரண்டு ஸ்க்ரூவில் ஒன்று இல்லை. நன்றாக அழுத்தினேன். மேலே திரை வெளிச்சமானது. எழுந்து உட்கார்ந்து அறுபது வரை போய்விட்டேன். சொன்னால் சிரிப்பீர்கள், உள்ளூர எனக்குப் பெருமையாக வேறு இருந்தது.

கண்ணாடிக் கதவை யாரோ தட்டினார்கள்.

"சார், ஏனு மாட்தித்தீரா?" என்ன செய்கிறீர்கள் என்று கன்னடத்தில் கத்திக்கொண்டே அந்தப் பெண் உள்ளே வந்து என் பரீட்சையை நிறுத்தினாள். வெளி அறைக்கு அழைத்துப் போனாள். என் அடையாள அட்டையில் பெயரைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினாள். குரலும் இறங்கிவிட்டது.

"கீழ குனிஞ்சீங்களே சார், வயர்ல கால் ஏதாச்சும் பட்டுச்சா? கால் பட்டுச்சின்னா நான் அப்படியே எழுதிட்டு உங்கள மறுபடி உக்கார வெச்சிடுவேன்."

எனக்கு வழி விடுகிறாள் என்பது புரிந்தது. மேசைக்கு அடியில் என்ன நடந்தது என்று அறையில் இருந்த கேமராவுக்குத் தெரியாது. ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆஸ்பத்திரி, வணக்கம், எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது.

"காலுலாம் படல மா. டிஸ்ப்ளே கேபிள் லூசா இருந்துச்சி. கையாலதான் அமுத்தினேன்."

"சார், நல்லா யோசிச்சி சொல்லுங்க."

"யோசிக்க இன்னா இருக்கு? இருவது வருஷமா இதான் என் வேலை. கரெக்டாத்தான் அமுத்தினேன்."

அவள் டைப் செய்ய ஆரம்பித்தாள். பரீட்சை ரத்து, மேலே அறிக்கை போகும், திரும்ப எழுத விடுவார்களா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள் என்றாள். லாக்கரைத் திறந்து பையைக் கொடுத்தபோது அவள் முகம் என் முகத்தைவிட வாடியிருந்தது.

நான் உண்மையைச் சொன்னதைப் பெரிய நேர்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது முழுக்கத் திமிர். இவ்வளவு சுத்தமாகச் செய்த வேலையைக் கால் தெரியாமல் பட்டது என்று ஒரு காகிதத்தில் எழுத என்னால் விட முடியவில்லை. நீங்களும் அப்படி மாட்டினால் உண்மையையே சொல்லுங்கள், ஆனால் என்னைவிட நல்ல காரணத்துக்காகச் சொல்லுங்கள்.

ஓனர் கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். "ரிப்பேர் பண்ணதுக்கா தொரத்திட்டாங்க?" என்று மூன்று தடவை கேட்டார். பிறகு தலையைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் அவர் பேசிப் பார்த்தார். கெடு தேதியில் மாற்றமில்லை. அதோடு, பரீட்சையில் முறைகேடு என்று அறிக்கை இருக்கும் ஆளை அதுவரைகூட உள்ளே விட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மறுநாளே பீன்யாவில் இருந்து ஆஷா வந்தாள். சான்றிதழ் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த ஆஸ்பத்திரியில் லிஃப்ட் எந்தப் பக்கம் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

அதனால் ஓனர் ஒரு ஏற்பாடு செய்தார். ஆஷா உள்ளே இருப்பாள், நான் ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரில் டீக்கடையில் போனோடு உட்கார்ந்திருப்பேன். ஒன்பது வருஷம் வணக்கம் சொன்ன செக்யூரிட்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அது எனக்கு ரொம்பவே வலித்தது.

முதல் நாள் பத்து மணிக்கு போன் வந்தது.

"அண்ணா, பார்மசி பிரிண்டர்ல பிரிண்ட் வரல. கியூ ஜாஸ்தியா நிக்குது."

"தொற. ரோலர வெளிய எடு."

"இருங்கண்ணா, இங்க பில் போடற அக்காவ ஒரு வார்த்த கேட்டுக்கறேன்." போனைக் கையில் பிடித்துக்கொண்டே அவள் கேட்டது எனக்கும் கேட்டது. "அக்கா, நேத்து வந்துச்சா? நடுவுல ஏதாச்சும் மாத்தினீங்களா?"

"ஒண்ணும் மாத்தல மா. இன்னிக்கு வெள்ளிக்கெழம ஆச்சே, காலைல பூஜைக்கு மேசைய நகத்தினோம், அவ்ளோதான்."

மேசையை நகர்த்தியவர்கள் வயரை வேறு ஓட்டையில் செருகியிருந்தார்கள். ஆஷா மாற்றிச் செருகினாள், பிரிண்டர் ஓடியது. நான் சொன்னபடி ரோலரைக் கழற்றியிருந்தால் மருந்துக்கு நின்ற அத்தனை பேரும் அரை மணி நேரம் கால் கடுக்க நின்றிருப்பார்கள். நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, செல்வி போட்ட பென்சில் வட்டங்களை நினைத்துக்கொண்டேன்.

டீக்கடையில் இருந்த மூன்று வாரமும் என் கைக்கு வேலை இல்லை. கண்ணுக்கும் இல்லை. வாயும் காதும்தான் இருந்தன. ஆஷா கேட்பாள், உள்ளே இருக்கிறவர்கள் சொல்லுவார்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். "சார், வொர்க் ஆவல" என்பதோடு யாரும் நிறுத்துவதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு வினாடி பொறுத்தால் அடுத்த வாக்கியம் வரும். நான்தான் அந்த ஒரு வினாடி யாருக்கும் கொடுத்ததில்லை.

அதோடு ஒரு பழைய விஷயமும் நினைவுக்கு வந்து தொந்தரவு செய்தது. லேபில் ஒரு அம்மா ரத்தப் பரிசோதனை முடிவுகளை டைப் செய்துகொண்டிருந்தார். மெஷின் மெதுவாக இருக்கிறது என்று கூப்பிட்டார். நான் போனேன், ஒரு வார்த்தை கேட்காமல் ஆஃப் செய்து ஆன் செய்தேன். ஒரு மணி நேரம் அடித்தது எதுவும் சேவ் ஆகியிருக்கவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சேவ் பண்ணணும்னு தெரியாதா மேடம்?" என்று கேட்டுவிட்டு வந்தேன். பரீட்சை மெஷினைத் தொட்டதற்காக என்னை வெளியேற்றியது அநியாயம் என்று எல்லோரிடமும் புலம்பிக்கொண்டிருந்தவன், இது நினைவுக்கு வந்த நாளோடு புலம்பலை நிறுத்தினேன்.

கெடுவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது கடிதம் வந்தது. தேர்வர் தாமாகவே உண்மையை ஒப்புக்கொண்டதாகக் கண்காணிப்பாளர் எழுதியிருந்ததால், ஒரு தடவை எழுத அனுமதி. எனக்குக் கிடைத்த தேதி கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால். இதிலும் போனால் அடுத்த வாய்ப்புக்கு நாள் இல்லை.

கிளம்பும்போது செல்வி ஒன்றுதான் சொன்னாள். "கைய மடியில வெச்சிக்கினு உக்காருங்க. வூட்டுக்கு வந்து எத்த வேணா தொடலாம்."

அதே சென்டர், அதே பெண். என்னைப் பார்த்ததும் லேசாகச் சிரித்தாள், ஆனால் விதிகளை ஒன்று விடாமல் ஒப்பித்தாள். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன். சிஸ்டம் எனக்கு ஒதுக்கியது மறுபடி நாலாம் நம்பர். அந்தக் கேபிளைச் சரிசெய்தீர்களா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் வம்பு பிடித்த ஆள் என்று இன்னொரு அறிக்கை போய்விடுமோ என்று பயந்து விழுங்கிவிட்டேன். அது தப்பு. நீங்கள் அப்படி விழுங்காதீர்கள்.

முப்பத்திரண்டாவது கேள்வியில் திரை கறுத்தது.

அதே ஆரஞ்சு விளக்கு, அதே ஃபேன் சத்தம். அன்று நான் அழுத்திவிட்டுப் போனதால் மெஷின் ஓடியது. ஓடுகிற மெஷினுக்கு யார் ஸ்க்ரூ வாங்குவார்கள்? யாரிடமும் முறையாகச் சொல்லாமல் நான் செய்த ரிப்பேர் என்னிடமே திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது.

கையை உயர்த்தினேன்.

யாரும் வரவில்லை. கடிகாரம் ஓடுகிறதா நின்றதா, தெரியாது. என் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் கேபிள் இருந்தது. மூன்று விநாடி வேலை. இடது கையை மடியில் அழுத்தி வைத்துக்கொண்டேன். ஒருவேளை அவள் பார்க்கவே இல்லையோ? பாத்ரூம் போயிருப்பாளோ? குனி, குனி என்று உடம்பு முழுக்கச் சொல்கிறது. என் இருபது வருஷத்தில், ஆஸ்பத்திரியில் புகை கிளம்பித் தீயணைப்பு வண்டி வந்த நாளில்கூட நான் இவ்வளவு தவித்ததில்லை. வலது கை வலித்ததும் இடது கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். இறக்கவில்லை.

நாலைந்து நிமிஷம் கழித்து அவள் வந்தாள். "கைய எறக்குங்க சார். நீங்க தூக்கின உடனே டைம நிறுத்திட்டேன். சப்போர்ட்டுக்கு போன் பண்ணிக்கினு இருந்தேன்."

என்னை ஆறாம் நம்பருக்கு மாற்றினாள். முப்பத்திரண்டாவது கேள்வி அப்படியே இருந்தது, கடிகாரத்தில் சில விநாடிகள்தான் குறைந்திருந்தன. முதல் தடவையும் இதையே செய்திருக்கலாம் என்று நினைத்தபோது, என்னை நானே திட்டிக்கொள்ளக்கூட நேரமில்லை. 'முதலில் என்ன செய்வாய்' என்று அன்று ஒன்பது கேள்விகள் வந்தன. எண்ணிக்கொண்டே எழுதினேன்.

வெளியே வந்ததும் பிரிண்டரில் இருந்து தாளை எடுத்துக் கொடுத்தாள். பாஸ் என்று போட்டிருந்தது. நான் அதை இரண்டு தடவை படித்தேன். ஆஸ்பத்திரியும் செக்யூரிட்டியின் வணக்கமும் லேப் அம்மாவிடம் கேட்க வேண்டிய மன்னிப்பும் ஒன்றாக நினைவுக்கு வந்து, அந்த ரிசப்ஷனிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் தண்ணீர் கொடுத்தாள்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? அந்த நாலாம் நம்பர்... எங்க சர்வீஸ்காரரு ரெண்டு நாளா போன எடுக்கல. மதியம் பேட்ச் இருக்கு. சும்னே, சும்மா ஒரு தடவ பாக்கறீங்களா?"

"சும்னேல்லாம் பாக்க மாட்டேன் மா. கம்ப்ளெயின்ட் எழுதிக் குடுங்க."

அவள் சிரித்துக்கொண்டே ஒரு தாளில் எழுதி, மேனேஜரிடம் காட்டி, கையெழுத்தும் வாங்கி வந்தாள். நான் நாலாம் நம்பர் முன்னால் போய் நின்றேன். கையைக் கட்டிக்கொண்டேன்.

"கடைசியா நல்லா இருந்தது எப்போ? நடுவுல யாராச்சும் மேசைய நகத்தினாங்களா? இதுல இப்ப யாரோட பரீட்சையாச்சும் ஓடுதா?"

"இல்ல சார். இப்ப நீங்க தொடலாம்."

குனிந்து மேசைக்கு அடியில் போனேன். அந்த ஸ்க்ரூவுக்குப் பொருத்தமானது என் பையில் நாலைந்து கிடக்கும், டிரைவரும் இருக்கும். ஆனால் பை லாக்கரில் இருந்தது. சாவி அவளிடம் இருந்தது. மேசைக்கு அடியில் இருந்தபடியே கையை உயர்த்தினேன்.